டிரெய்லரில் இல்லாத உறுமி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு வீடியோ கேம்களுக்கு இசையமைக்கிறேன் என்றால், கல்யாண வீட்டில் யாரும் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்வதில்லை. "சரி, சம்பளத்துக்கு என்ன பண்றே?" என்பார்கள். சம்பளம் வருகிறது. சண்டையும் கூடவே வருகிறது. கேமை உருவாக்கும் ஸ்டுடியோ ஒரு பக்கம், பணம் போட்டு வெளியிடும் நிறுவனம் இன்னொரு பக்கம், நடுவில் நான். கேமுக்குள் ஒலிக்கும் இசையைப் பற்றி உறவு முறியும் அளவுக்குத் தகராறு வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த இசை வெளியே போகும் இடங்களில்தான், டிரெய்லரிலும் ஆல்பத்திலும்தான், ரகளை.

தோட்டத்து எல்லையில் காவல் நிற்கும் முனியை வைத்து ஒரு கேம். "அண்ணே, திருவிழாவுல கேக்கிற அதே சத்தம் வேணும்" என்றார்கள் கோலாலம்பூர் ஸ்டுடியோ பையன்கள். பெரியப்பா உறுமி மேளக் குழுவில் வாசித்தவர். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓய்ந்த பிறகு, ராத்திரியில் பதிவு. உறுமியின் ஒரு பக்கத் தோலைக் குச்சியால் அடிப்பார்கள், மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அடிவயிற்றைப் பிசையும் அந்த முனகல் தேய்ப்பில்தான் இருக்கிறது. பெரியப்பா மைக்கை முறைத்துப் பார்த்துவிட்டு, "சாமி கீமி வந்துட்டா என்னைக் கேக்கக்கூடாது" என்றார்.

கேம் இசை பாட்டு மாதிரி தொடங்கி முடிவதில்லை. ஆடுபவர் ஒரே மரத்தடியில் நின்றுகொண்டே இருந்தால் இசையும் அலுக்காமல் சுற்ற வேண்டும். முனி நெருங்கினால் அதே வேகத்தில் அடுத்த அடுக்கு மேலே ஏற வேண்டும். அதனால் தேய்ப்பு தனி, அடி தனி, ஜால்ரா தனி என்று பிரித்துக் கொடுத்தேன். எந்த இடத்தில் அடி உள்ளே வரலாம் என்று ஸ்டுடியோவோடு ராத்திரி முழுக்க வாதாடியிருக்கிறேன். அதெல்லாம் நல்ல சண்டை. இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு போடுவது.

அப்புறம் டிரெய்லர் வந்தது. உறுமி இல்லை. எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய எக்காள முழக்கம், நடுவில் டமால் டமால். வெளியீட்டு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு மாற்றிவிட்டது. ஸ்டுடியோவுக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும். கைபேசியில் கேட்டால் உறுமி லாரி எஞ்சின் மாதிரி இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரும்பாலான கைபேசி ஸ்பீக்கர்களில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மிகவும் மெலிந்துவிடும். கேட்டிருந்தால் அடியைத் தூக்கி, தேய்ப்பைத் தணித்து வேறு கலவை கொடுத்திருப்பேன். கேட்கவே இல்லை, அதுதான் கடுப்பு.

பெரிய இடத்திலும் இதே கதைதான். ஹேலோ என்ற புகழ்பெற்ற கேமுக்கு இசையமைத்த மார்ட்டி ஓ'டானல், டெஸ்டினி கேமுக்காக மைக்கேல் சால்வடோரி, பால் மெக்கார்ட்னியோடு சேர்ந்து எட்டுப் பகுதிகள் கொண்ட ஓர் இசைத்தொகுப்பை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருந்தார். 2013 இ3 வீடியோ கேம் கண்காட்சிக்கான டிரெய்லரில் வெளியீட்டாளரான ஆக்டிவிஷன் தன் இசையைப் போட்டுவிட்டது. அவர் வேலை பார்த்த பஞ்ஜி ஸ்டுடியோ மறுப்புத் தெரிவித்தும் பலிக்கவில்லை. ஓ'டானல் ட்விட்டரில், இது எங்கள் இசை இல்லை என்று போட்டு உடைத்தார். 2014 ஏப்ரலில் வேலை போனது. பஞ்ஜியில் அவருக்கிருந்த பங்குகள் பற்றிய வழக்கில் 2015 மத்தியஸ்தத் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அந்தத் தொகுப்பு முறைப்படி வெளிவந்தது 2018இல்தான். நான் ட்வீட் போடவில்லை. எனக்குக் கார் தவணை இருந்தது.

மறுமுனையில் ஆல்பம். டூம் எடர்னல் என்ற கேம் 2020 மார்ச்சில் வந்தது, அதன் இசை ஆல்பம் ஏப்ரலில். ஒலி அலையின் படத்தை வைத்தே ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்: மேடு பள்ளம் எல்லாம் மட்டமாக நசுக்கப்பட்டிருந்தது. பெரும்பாலான பாடல்களைக் கலந்தது நானில்லை என்றார் இசையமைப்பாளர் மிக் கோர்டன். அவரால் காலத்தில் முடிக்க முடியவில்லை என்று கேமை உருவாக்கிய ஸ்டுடியோவின் தயாரிப்பாளர் மே மாதம் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2022 நவம்பரில் கோர்டன் மிக நீளமான மறுப்பை வெளியிட்டார், வெளியீட்டு நிறுவனம் அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. ஆனால் தகராறு ஊரறிய வெடித்தது கேமுக்குள் இருந்த இசையால் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதைத் தனிச் சரக்காக விற்கப் போனபோது வந்தது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. பால்மரத்தடியில், அதாவது ரப்பர் மரத்தடியில், யாரும் சண்டை போட்டதில்லை, பால் நிறுக்கும் கொட்டகையில்தான் கணக்கு எழுதும் கிராணியோடு வாய்ச்சண்டை.

விளம்பரப் பிரிவு கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கேமை ஆடிப் பார்த்தவர்கள் இல்லை, அவ்வளவுதான். ஒன்றரை நிமிடத்தில் ஏறி முடிய வேண்டிய ஒன்று அவர்களுக்கு வேண்டும். என்னிடம் இருந்ததோ முடிவே இல்லாமல் சுற்றுகிற ஒன்று.

அடுத்த கேமுக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது, அதே நிறுவனம்தான். டிரெய்லர் இசையை மாற்றுவதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லி, இரண்டு வாரம் கொடுக்க வேண்டும் என்ற வரியை ஸ்டுடியோ பையன்களே சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆல்பத்தைப் பற்றி மூச்சே இல்லை. கடைசிக் கலவை யார் கையில் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை உறுமியை எடுக்க வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அப்போ என் பேரு எங்க வரும்னும் சேத்துக் கேளு" என்றார். அதையும் சேர்த்து அனுப்பினேன்.