கச்ரா மேல் வளர்ந்த காடு

தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு காடு வரும். மாஹிம் இயற்கைப் பூங்கா. மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கர். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் அதற்குள் முதன்முதலாகப் போனது கல்லூரி முடித்த பிறகுதான். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அதனால் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளை மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப் போகிறேன்.

முதல் நாள் அவர்களிடம் சொன்னது இவ்வளவுதான்: நாம் நிற்கிற இந்த இடம் ஒரு காலத்தில் பம்பாயின் குப்பைமேடு. பறவைகளை ஆராய்ந்த சலீம் அலி முதல் கன்றை நட்டார். 1994-இல் பூங்காவாகத் திறந்தார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் காலடியையே பார்த்தபடி, "கச்ரா மேலயா அக்கா இவ்ளோ மரம்?" என்று கேட்டான். கச்ரா என்றால் மும்பைப் பேச்சில் குப்பை.

1991-இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அது மரங்களின் பயன்கள் ஐந்து என்று மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிற பாடமாகவே இருக்கிறது. காட்டில் நான் எதையும் எழுதச் சொல்வதில்லை. ஆளுக்கு ஒரு மரம். ஒவ்வொரு முறையும் அதே மரத்தடியில்தான் உட்கார வேண்டும்.

ஒருநாள் சருகை விலக்கிப் பார்த்தோம். மேலே மொறுமொறுவென்று காய்ந்த இலை. அடியில் ஈர இலை. அதற்கும் கீழே நரம்பு மட்டும் மிஞ்சி சல்லடை போல ஒன்று, அதில் வெள்ளை நூலாகப் படர்ந்த பூஞ்சை. ஓரத்தில் மரவட்டை ஒன்று சுருண்டு கிடந்தது. அப்புறம் கறுப்பு மண். "இலை எங்க போச்சு?" என்று கேட்ட ஒரு சின்னப் பெண், அந்த மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு, "மழை வாசனை" என்றாள். சருகை இருந்தபடியே மூடிவிட்டு வந்தோம்.

அவள் வீட்டு மாடியில், உடைந்த பெயின்ட் வாளியில் மண் போட்டு ஒரு பாதாம் இலையையும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டையும் புதைத்தாள். ஜூன் மாதம் அது. தீபாவளிக்குத் தோண்டியபோது இலை காணாமல் போயிருந்தது. பாக்கெட்டில் விலை அப்படியே படிக்க முடிந்தது. கழுவி எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

எனக்கு 2005 ஜூலை 26 ஞாபகம் வந்தது. மும்பையின் சாந்தாக்ரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி பொங்கி எங்கள் வீட்டுக்குள் வந்தது. அப்போது நான் நாலாம் வகுப்பு. அப்பா இரவெல்லாம் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வடிந்ததும் எங்கள் சந்தின் சாக்கடை வாயை அடைத்துக்கிடந்த பிளாஸ்டிக் பைகளை அம்மா கையாலேயே வாரிப் போட்டாள். இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன், யாரும் பேசவில்லை.

அந்தப் பெண்ணின் அம்மா இட்லி வியாபாரம் செய்கிறார். சட்னியும் சாம்பாரும் பிளாஸ்டிக் பையில்தான் கட்டித் தருவார். "தூக்கு கொண்டுவர்றவங்களுக்கு ஒரு இட்லி சேர்த்துக் குடும்மா" என்று மகள் நாலு நாள் நச்சரித்திருக்கிறாள். கட்டுப்படியாகாது என்று முதலில் திட்டிய அம்மா, சரி, ஒரு வாரம் பார்க்கலாம் என்று இறங்கி வந்திருக்கிறார். நேற்றுக் காலை நான் போனபோது வரிசையில் இரண்டு பேர் கையில் தூக்கு இருந்தது. என்னுடையது மூன்றாவது.