பேச்சிப்பாறை அணை திறக்கும் முன்

மே 17
மணக்குடிக் காயலோரம் ஓடையை ஆழப்படுத்தியபோது வெளிப்பட்ட மண் முகத்தைக் கரண்டியால் சீவி நிறுத்தினேன். மேலே உழவு மண். அதன் கீழே, நெல் வேர் இறங்கிய வழியெல்லாம் துருவேறிய செங்கோடுகள். அடியில், விரலை விட்டு அகலாத நீலச் சாம்பல் களி. வயலும் களியும் சேரும் மட்டத்தில் கரித்துண்டுகளும் சிப்பிகளும் ஒரு பானை விளிம்பும் கிடந்தன.

மே 18
சிப்பிகள் தாமே படிந்தவையா, சுண்ணாம்பு நீற்றுவதற்காக யாரேனும் கொட்டியவையா?

மே 20
களிக்குள் இருப்பவற்றில் பல, இரண்டு ஓடும் பிரியாமல் மூடியபடியே இருக்கின்றன. அவை அங்கேயே வாழ்ந்து மடிந்தவை. மேல் மட்டத்துச் சிப்பிகளோ உடைந்து கருகியிருக்கின்றன. ஆகவே முதலில் உப்பு நீர், பிறகு மனிதர், பிறகு நெல் என்றே இப்போதைக்குக் கொள்கிறேன். எப்போது என்பதற்குக் கரியைத்தான் நம்ப வேண்டும். கடல் நீரில் வளர்ந்த சிப்பியைக் காலம் அறியும் கரிமக் கணிப்புக்கு அனுப்பினால் ஏறத்தாழ 400 ஆண்டு முந்தியதாகக் காட்டிவிடும், அந்த வித்தியாசத்தில் இந்தத் தென்கோடியை ஆண்ட ஆய் அரசே நழுவிப் போகும்.

மே 23
பார்த்திவசேகரபுரச் செப்பேட்டை மறுபடி படித்தேன். ஆய் அரசன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866-இல் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்று, ஈடாக வேறு நிலம் கொடுத்து, கோயிலும், வேதம் கற்கும் 95 சட்டர்க்குச் சாலை என்னும் கல்விக்கூடமும் அமைத்த செய்தி அதில் இருக்கிறது. கொடுத்தவர், பெற்றவர் எல்லாம் துலங்குகிறார்கள். தாழ்ந்த நிலங்களில் காயல் வாய் மணல்மேடான பொழி உடையும் காலத்து உப்பைத் தடுக்க வரப்புக்கு மண் சுமந்தவர்களைப் பற்றி எந்த அரசனும் செப்பேடு வெட்டுவதில்லை. களிதான் அவர்களுடைய ஆவணம்.

மே 26
வயல்காரர் அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, கன்னிப்பூ நெல்லுக்கு வயலைச் சேறாக்கித் தொளி அடிக்கணும். தண்ணி வந்தாச்சுன்னா உங்க சிப்பியை யாரு பாக்கப் போறா?" நியாயந்தான்.

மே 29
நல்ல மழை. மண் முகத்தின் தென்பாதி சரிந்தது. நேற்றே படம் எடுத்திருந்தேன். எரிச்சல் மட்டும் ஆறவில்லை.

ஜூன் 1
கரியும் சிப்பியும் தனித்தனிப் பைகளில் கட்டியாயிற்று.

ஜூன் 2
அணை திறந்துவிட்டார்கள். கால்வாயில் தண்ணீர் இங்கே வந்து சேருவதற்குள் கிழக்கு வரப்பிலும் ஒரு துளை இறக்க வேண்டும். நீலக் களி அங்கே எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பது தெரிந்தால், பழைய காயலின் கரை எதுவரை வந்தது என்று கோடு போடலாம்.