சிறுநீரகத்துக்குப் பின்னால் அந்த நீர் எப்படிப் போனது?

கதிரியல் முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டு வாய்மொழித் தேர்வில், கடுமையான கணைய அழற்சி கண்ட ஒருவரின் சி.டி. படத்தைத் தேர்வாளர் திரையில் காட்டினார். இடது சிறுநீரகத்துக்குப் பின்னால் பிறை வடிவில் நீர் தேங்கியிருந்தது. சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள இடைவெளிகளில், அதாவது அறைகளில், நீர் எதில் இருக்கிறது என்று கேட்டார். "பின் பாராரீனல் அறை", அதாவது சிறுநீரக உறைக்கும் பின்னால் உள்ள அறை, என்று தயங்காமல் சொன்னேன். "கணையம் இருப்பது முன் அறையில். சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பைத் தொடாமல் நீர் எப்படிப் பின்னால் போயிற்று?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்று வரை நான் படித்ததெல்லாம் மூன்று அறைகள்தான். முன் அறையில் கணையம், டியோடினம் (முன்சிறுகுடல்), ஏறு பெருங்குடல், இறங்கு பெருங்குடல். நடுவில் சிறுநீரகமும் அதன் மேலுள்ள அட்ரினல் சுரப்பியும். பின்னால் வெறும் கொழுப்பு. இது தவறில்லை. ஆனால் அறைகளைப் பிரிக்கும் ஃபேசியாக்களை, அதாவது மெல்லிய இணைப்புத்திசுத் தகடுகளை, நான் சுவர்க்கோடுகளாக மட்டுமே நினைத்திருந்தேன். விடை அந்தச் சுவருக்குள்ளேயே இருந்தது.

சிறுநீரகத்தின் பின்புற ஃபேசியாவை சுக்கர்கண்டல் 1883இலும், முன்புற ஃபேசியாவை ஜெரோட்டா 1895இலும் விவரித்தார்கள். பின்புற ஃபேசியா ஒற்றைத் தகடு அல்ல என்பதை 1986இல் ராப்டோபூலோஸ் குழுவினர் காட்டினார்கள். அதில் இரண்டு அடுக்குகள். முன் அடுக்கு வளைந்து வந்து முன்புற ஃபேசியாவோடு சேர்கிறது. பின் அடுக்கு பக்கவாட்டில், பெருங்குடலின் வெளிப்பக்கமாகச் செல்லும் லேட்டரோகோனல் ஃபேசியாவாகத் தொடர்கிறது. ஆகவே முன் அறையிலிருந்து வரும் கணைய நீர் இந்த இரண்டு அடுக்குகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்கொண்டு, அவற்றின் நடுவே பின்னால் நகர முடியும். சிறுநீரகக் கொழுப்பு கெடாமல் இருப்பது அதனால்தான்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது பென்சில்தான். இடது சிறுநீரகத்தின் நடுமட்டத்தில் ஒரு குறுக்குவெட்டு வரையுங்கள். முன் அடுக்குக்கு நீலம், பின் அடுக்குக்குச் சிவப்பு. இரண்டு கோடுகளும் பக்கவாட்டில் பிரியும் இடத்தில் கையை நிறுத்துங்கள். நீர் நுழைகிற வாய் அதுதான். பிறகு அதே படத்தைத் திரையில் பாருங்கள். சாம்பல் நிறப் பிறைக்கு முன்னால் சிறுநீரகக் கொழுப்பும், பின்னால் பாராரீனல் கொழுப்பும் இரண்டு கரிய பட்டைகளாகத் தெரிந்தால், நீர் அடுக்குகளுக்கு நடுவில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஒரே வெட்டில் நின்றுவிடாதீர்கள். சிறுநீரகத்தின் கீழ்முனையைத் தாண்டி இறங்கிப் பாருங்கள். முன், பின் ஃபேசியாக்கள் அங்கே ஒன்றாகக் கூடுகின்றன. கணைய நீர் இடுப்புக்குழி வரை இறங்குவது அந்த வழியாகத்தான். மாணவர்களிடம் அதிகம் விடுபடும் பகுதி இது என்பது என் எண்ணம்.

இன்னொன்று: சிறுநீரகக் கொழுப்புக்குள் ஓடும் மெல்லிய இழைகள் பிணைப்புத் தடுப்புகள். இவை தடித்துத் தெரியும்போது ஃபேசியா என்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பயிற்சியை உடலில் கொழுப்பு மிகுந்தவர்களின் படங்களில் தொடங்குங்கள். கரிய கொழுப்பின் நடுவே ஃபேசியா நூல் போலத் தெளிவாகத் தெரியும். மெலிந்தவர்களின் படத்தில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணுக்கே அகப்படுவதில்லை. நான் முதலில் எடுத்து உட்கார்ந்தது அப்படிப்பட்ட படத்தைத்தான், அதில் ஒரு வாரம் வீணானது.