ஜிஸ்-115: மூன்றாவது செட்டில் கண்ணாடி கைகூடியது

1/24 அளவில் செய்துவரும் ஜிஸ்-115 கார் மாடலுக்கான பக்கவாட்டுக் கண்ணாடிகள் ஆறும் ஒரு விரிசல்கூட இல்லாமல் வந்துவிட்டன. ஸ்டாலினுக்காகச் செய்த இந்தக் கவச வண்டி வெளியே ஜிஸ்-110 என்ற சோவியத் சொகுசுக் கார் போலவேதான் தெரியும். மாடலில் இது 115 என்று காட்டிக்கொடுப்பது கண்ணாடியின் தடிமன். அசலில் 75 மி.மீ. 1/24 அளவுக்கு 3.1 வருகிறது, 3 மி.மீ. அக்ரிலிக் போதும்.

முதல் இரண்டு செட்டும் வீணானது லேசர் வெட்டால். விளிம்பில் சூட்டு இறுக்கம் தங்கிவிடும். அதன்மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பட்டால் ஐந்தே நிமிடத்தில் மயிரிழை விரிசல் ஓடும். இம்முறை வெட்டிய துண்டுகளைத் தட்டையான டைல்மேல் பரப்பி, ஓவனில் 80 டிகிரியில் இரண்டரை மணி நேரம் வைத்து, கதவைத் திறக்காமலே ஆறவிட்டாயிற்று. பிறகு தண்ணீர் தொட்டு 400, 800, 1500, 2500 உப்புத்தாள், கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட். 800-ஐத் தாவினால் கீறல் கடைசிவரை போகாது. துடைக்க சோப்புத் தண்ணீர் மட்டும். ஒட்ட எபாக்சிதான், சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியை வெளுக்கடித்துவிடும்.

அக்ரிலிக்குக்குப் பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் கழிவுத் துண்டு கேளுங்கள். வார்த்த ஷீட்டாகக் கேட்டு வாங்குவது முக்கியம், உருட்டித் தள்ளிய ஷீட் இன்னும் சீக்கிரம் விரிசல் விடும்.

முன்கதவுக் கண்ணாடி மூன்றில் ஒரு பங்கு இறங்கியபடி நிற்கும். அப்போதுதான் மேல்விளிம்பின் தடிமன் கண்ணில் படும். அசலில் அதை ஏற்ற ஹைட்ராலிக் ஜாக் வேண்டும், இறங்குவது தன் எடையிலேயே. இதற்காக மாடலில் கதவின் தடிமனை 5 மி.மீ. ஆக்க வேண்டும். உள்ளே இருக்கை இடிக்கிறது. அதை இரு பக்கமும் 1 மி.மீ. இழைப்பது பாக்கி.

அதை முடிக்கும் முன்பே மனசு இந்த வண்டி வருவதற்கும் முந்தைய ஒரு சம்பவத்துக்குப் போய்விட்டது: 1942 நவம்பர் 6, மாஸ்கோவின் செஞ்சதுக்கம். அங்குள்ள லோப்னோயே என்ற கல்மேடையிலிருந்து சாவெலி திமித்ரியெவ் என்ற சிப்பாய், ஸ்டாலின் வருகிறார் என்று நினைத்து சோவியத் அமைச்சர் மிக்கோயானின் காரைச் சுட்டான். காரில் யாருக்கும் காயமில்லை. காவலர்கள் கைக்குண்டு வீசித்தான் அவனைப் பிடித்தார்கள். ஒரே மாதிரிக் கார்கள், மாறிக்கொண்டே இருக்கும் வழி என்று ஸ்டாலினின் பாதுகாப்புத் தலைவர் விளாசிக்கின் ஆட்கள் கட்டிக்காத்த முறைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அந்த முறையைக் காட்ட வண்டி ஒன்று போதாது. இரண்டாவது ஷெல்லும் (வண்டியின் மேல்கூடு) அச்சுக்குப் போயிருக்கிறது, அதே கறுப்பில்.