கதிரை 48, துளை 864

2025 யூன் 3

ஆரையம்பதிப் பக்கம் ஒரு வாசிகசாலைக்கு 48 கதிரை. ஓகஸ்ட் முதல் கிழமைக்குள் வேண்டுமாம். ஓம் என்று சொல்லிவிட்டேன். இரவு கணக்குப் போட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. சட்ட நுனிகளைச் செருக ஒரு கதிரைக்கு 18 துளை: இருக்கைச் சட்டங்களுக்கு 8, கீழ்ச்சட்டங்களுக்கு 6, முதுகுப் பட்டிகளுக்கு 4. மொத்தம் 864. உளியும் கொட்டாப்புளியும் கொண்டு ஒன்றுக்கு ஏழு நிமிடம் என்றாலும் நூறு மணித்தியாலம் துளைக்கே போய்விடும். மொறட்டுவையிலிருந்து லொறியில் தளபாடம் கொண்டுவந்து தவணைக்குக் கொடுக்கிறவர்கள் இப்படியா வேலை செய்கிறார்கள்?

யூன் 11

பெருநாள் கழிந்து இன்றுதான் காத்தான்குடிக்குப் போக முடிந்தது. பழைய கூட்டு மெஷின் ஒன்று. மேலே சீவலாம், ஒரு பக்கம் அறுக்கலாம், தண்டின் நுனியில் துளை போடும் மேசை. விற்ற காக்கா விலையில் அசையவில்லை, தேத்தண்ணி மட்டும் இரண்டு தரம் தந்தார். மனைவியின் சீட்டுக் காசு அதிலே போனது. இதற்கு மேல் அதைப்பற்றி எழுதவில்லை.

யூன் 12

மோட்டர் மூன்று பேஸ். என் பட்டறைக்கு வருவது வீட்டு லைன், ஒற்றை பேஸ். தகட்டில் 400 வோல்ட் என்று தெளிவாக அடித்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. மூன்று பேஸுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க நாள் இல்லை. இரண்டு குதிரைவலு ஒற்றை பேஸ் மோட்டர் ஒன்று தேடவேண்டும்.

யூன் 17

மோட்டர் கிடைத்தது, பூட்டியாயிற்று. ஓடுகிறது, ஆனால் சீவின பலகை பூனை பிறாண்டின மாதிரி. துளைக் கம்பி மரத்தைப் பிய்க்கிறது. கத்தியைத் தீட்டினேன், மாற்றினேன், திட்டினேன். பின்னேரம்தான் பிடிபட்டது. பழைய மோட்டர் நிமிடத்துக்கு 2880 சுற்று, புதியது 1440. மோட்டரில் 3 அங்குலக் கப்பி, கத்தித் தண்டில் 2 அங்குலம். முன்பு 4320 சுற்றில் ஓடிய கத்தி இப்போது 2160 இல் ஓடுகிறது. மோட்டர்ப் பக்கம் 6 அங்குலக் கப்பி போட்டால் சரி. பெல்ட்டும் நீளமாக வேண்டும்.

யூன் 20

கப்பி போட்டாயிற்று. பலகை கையில் வழுக்குகிறது! ஆனால் மெஷின் கிளம்பும்போது வீட்டு லைட் மங்குகிறது. எடுக்கும் நேரம் மோட்டர் பல மடங்கு கரண்ட் இழுக்கும்; நான் கொடுத்திருந்ததோ மெல்லிய வயர். மீற்றர் பெட்டியிலிருந்து தடித்த வயரில் தனி லைன் இழுக்க எலக்ட்ரீசியன் தம்பி நாளை வருகிறார்.

யூன் 29

துளை ஒரு நிமிடத்துக்குள் விழுகிறது. அப்படியிருந்தும் ஒரு நாளைக்கு ஒரு கதிரைக்கான கால்கள்தான் முடிகின்றன. எங்கே போகிறது நேரம்?

பெரியப்பா வந்து வாங்கில் இருந்து வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். 78 சூறாவளிக்குப் பிறகு ஊரில் பாதிக் கூரை அவர் கைவேலை. மெஷினைத் திரும்பியும் பார்க்கவில்லை, உதவிக்கு நிற்கும் பெடியனைத்தான் பார்த்தார்.

“அவன் அந்த அளவு நாடாவ எத்தின தரம் இழுக்கிறான் எண்டு எண்ணிப் பாத்தியா மகன்?”

எண்ணினேன். ஒரு காலுக்குப் பதினொரு தரம். அவன் கோடு போட்டு முடியும்வரை மெஷின் சும்மா சுற்றிக்கொண்டு நிற்கிறது.

கழிவுத் துண்டில் முழநீளக் கம்பு ஒன்று எடுத்தார். துளை தொடங்கும் இடமும் முடியும் இடமும் வெட்டுக் காயமாக விழுந்தன. பிறகு பன்னிரண்டு கால்களை அருகருகே அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி, கம்பை வைத்து, மூலைமட்டம் பிடித்து ஒரே இழுப்பில் கோடு. பன்னிரண்டுக்கும். நாடாவே வேண்டாம். மறுகா ஒரு வெற்றிலை.

யூலை 9

பதினேழு கதிரை. துளை மேசையில் ஒரு தடைக்கட்டையும் வைத்துவிட்டோம், இப்போது சில இடங்களுக்குக் கோடே தேவையில்லை. மெஷின் துளையின் இரு நுனியும் வட்டமாக வருகிறது. அதைச் சதுரமாக்க மினக்கெடாமல் கழுந்தின் (துளைக்குள் போகும் சட்ட நுனியின்) ஓரத்தை அரத்தால் உருட்டிவிடுகிறேன்.

யூலை 15

வறண்ட கச்சான் காற்று. நேற்று அறுத்து வைத்த நாலு பலகை நுனி வெடித்துவிட்டது. இனி அறுத்த கையோடு நுனிக்குப் பழைய பெயின்ற் பூசவேண்டும். அடுத்த வீட்டு அக்காவின் கொடியில் காய்ந்த சேலைகளுக்கு எங்கள் மரத்தூள். நியாயமான கோபம். படங்கு கட்டினோம்.

யூலை 22

முப்பத்தொன்று. காலையில் கம்பைக் காணவில்லை. பட்டறை முழுக்கத் தேடினோம். பெடியன் கழிவுத் துண்டுகளோடு அள்ளிக் குசினிக்குக் கொடுத்திருக்கிறான், மனைவி அடுப்பில் வைத்துவிட்டாள். பெரியப்பாவிடம் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னேன்.

“பிட்டு நல்லா அவிஞ்சதா?” என்றார்.