கறுப்பு பிளவுஸ் துணியில் கோடு போடுவது

கறுப்பு, கருநீலத் துணியில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். கோடு தடித்துப்போவதும், தைத்த பிறகு போகாமல் நிற்பதும்தான் தொல்லை. மழுங்கிய சாக்பீஸ் கோடு எளிதாக 2 மில்லிமீட்டர் அகலம் வரும். இரண்டு பக்கத் தையலுக்கும் சேர்த்து ஓரங்கள் நான்கு. எல்லாவற்றையும் கோட்டின் வெளி விளிம்பில் வெட்டினால் சுற்றளவு கால் அங்குலத்துக்கு மேல் கூடிவிடும். அதனால் சாக்பீஸ் ஓரத்தை பிளேடால் அடிக்கடி சீவிக்கொள்ளுங்கள்.

பருத்திக்குத் தேய்ந்த சோப்புச் சில்லை மிஞ்ச ஒன்றுமில்லை. நன்றாகக் காயவிட்டு ஓரத்தைச் சீவினால் மெல்லிய கோடு விழும், துவைத்தால் போய்விடும். கிரீம் கலந்த சோப்பு மட்டும் வேண்டாம், எண்ணெய்ப்பசை ஒட்டும். மெழுகுச் சாக் பட்டுக்கு ஆகவே ஆகாது: இஸ்திரி சூட்டில் மெழுகு உருகி இழைக்குள் இறங்கி, கறையாக நின்றுவிடும். சூடு பட்டால் மறையும் பேனாவும் கறுப்பில் வெளுத்த தடத்தை விட்டுவிடக்கூடும். நீரில் கரையும் வெள்ளைப் பேனாவின் கோடு காய்ந்த பிறகே தெரியும். தெரியவில்லையே என்று அதன் மேலேயே இன்னொரு முறை இழுத்தால் தடித்துவிடும். எதுவானாலும் முதலில் வெட்டிய மிச்சத் துணியில் போட்டு, இஸ்திரியும் போட்டுப் பாருங்கள்.

லைனிங் வைத்துத் தைக்கும் பிளவுஸுக்குக் கறுப்புத் துணியில் கோடே தேவையில்லை. வெளிர் நிற லைனிங்கில் எல்லாக் கோடுகளையும் போட்டு, கோடு மேலே தெரியும்படி துணியின் உள்பக்கத்தில் விரியுங்கள். டாட் (உடல் வளைவுக்காகத் துணியை முக்கோணமாக மடித்துத் தைப்பது) பிடிக்கும் முன் அதன் நடுக்கோட்டில் இரண்டையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுவது அவசியம். போடாவிட்டால் மேல் துணி நழுவி, டாட் முனையில் சுருக்கம் விழும்.

வெல்வெட்டில் சாக் நிற்காது. அங்கே நூல்தான் அடையாளம். முடிச்சில்லாத இரட்டை வெள்ளை நூலை மெல்லிய ஊசியில் கோத்து, டாட் முனையில் இரண்டு அடுக்குத் துணியும் சேர ஒரு தையல் எடுங்கள். அதே இடத்தில் இன்னொரு தையல் எடுத்து, நடுவில் 2 சென்டிமீட்டர் வளையம் தளர்வாக விடுங்கள். நுனிகளையும் அதே அளவு நீளமாக விட வேண்டும். பிறகு அடுக்குகளை மெதுவாகப் பிரித்து, இடையில் ஓடும் நூலை வெட்டினால் இரண்டு துண்டிலும் ஒரே இடத்தில் நூல் குச்சம் நிற்கும். சாட்டினில் ஊசித் துளை மறையாது, அதனால் இதைத் தையலுக்கு உள்ளே வரும் இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

ஓரங்களை இணைக்கும் இடத்துக்கு அடையாளமாக 3 மில்லிமீட்டர் கத்தரி வெட்டு போதும். இழை எளிதில் பிரியும் ஜரிகைத் துணியில் அதைத் தவிர்த்து, அங்கேயும் நூலையே போடுங்கள்.