தாளிப்புக்கு அலறாத அலாரம்: சாட்ஸ்வொர்த்தில் ஒரு டிபன் கடைக்கு ஃபயர் கிளியரன்ஸ் வாங்கிய கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சமைத்த சாப்பாடு விற்க நினைப்பவர்கள் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் மாநகராட்சி. 1991-ஆம் ஆண்டு வணிகச் சட்டப்படி சாப்பாட்டுக் கடைக்கு லைசென்ஸ் கட்டாயம். மனு கொடுத்தால் அது சுகாதாரம், நகரமைப்பு, தீயணைப்பு என்று ஒவ்வொரு பிரிவாகச் சுற்றும். சுகாதாரப் பிரிவில் என்ன கேட்பார்கள் என்பது நம்மவர்களுக்கு மனப்பாடம். தீயணைப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ரெண்டு எக்ஸ்டிங்குவிஷர் (தீயணைப்பான்) மாட்டினா போதும், அக்கா" என்பார்கள். போதாது.

2023-இல் நானும் வீட்டுக்காரரும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சின்ன வணிக வளாகத்தில் இடம் பார்த்தோம். இட்லி, தோசை, மாலையில் வடை, அவ்வளவுதான் திட்டம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேஸ் ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு போனோம். இடம் பார்க்கும் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: அடுப்பை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், சிலிண்டரை அப்படி வைக்க முடியாது.

எங்களுக்கு 48 கிலோ சிலிண்டர் இரண்டு வேண்டும். சான்ஸ் 10087 என்ற தென்னாப்பிரிக்கத் தரவிதிப்படி வெளியே வைக்கும் சிலிண்டர் கதவு, ஜன்னலிலிருந்து 1 மீட்டர், சாக்கடை வாயிலிருந்து 2 மீட்டர், பக்கத்து மனை எல்லையிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஃபிட்டர் டேப்பை இழுத்தார். பின்பக்கச் சுவரோரம் எல்லாம் சரியாக வந்தது, சாக்கடை மூடியைத் தவிர. எல்லைக்காவது நெருப்புத் தாங்கும் சுவர் கட்டித் தூரத்தைக் குறைக்கலாமாம். சாக்கடைக்கு அந்த வழி இல்லை என்றார். எல்பிஜி காற்றை விடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் இறங்கிக் காத்திருக்கும். கடைசியில் பக்கவாட்டுச் சந்தில் கம்பிக் கூண்டு அடித்து அங்கே வைத்தோம். வளாக உரிமையாளர் அங்கிளுக்கு அது பிடிக்கவில்லை, அவர் கார் நிறுத்தும் இடம் அது. ஆனால் ஒப்பந்தம் இன்னும் எங்கள் கையெழுத்துக்குக் காத்திருந்ததால் ஒத்துக்கொண்டார்.

கேஸ் வேலை முடிந்ததும் அது விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் 'சர்டிஃபிகேட் ஆஃப் கன்ஃபார்மிட்டி' வாங்க வேண்டும். கேஸ் வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் சாக் கேஸ் (SAQCC Gas) அமைப்பில் பதிவு உள்ளவர் மட்டுமே தரலாம். இடையில் வேறொருவர், "போட்டோ அனுப்புங்க, வந்து பாக்காமலே சர்டிஃபிகேட் போட்டுத் தர்றேன்" என்று ஆசை காட்டினார். பாதி விலைதான். தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் காகிதம் அதுதான் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. எங்கள் ஃபிட்டர் குழாயில் அழுத்தம் ஏற்றி, மானி முள் இறங்குகிறதா என்று பார்த்து, இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தார்.

அப்புறம் அலாரம். எங்கள் அளவுக் கடைக்கு அது கட்டாயமா என்று யாரும் விவாதிக்கவில்லை. வளாகம் முழுவதற்கும் ஒரே பேனல் (அலாரத்தை இயக்கும் பெட்டி), எங்கள் கடையும் அதில் சேர வேண்டும் என்பது அங்கிளின் நிபந்தனை. சிக்கலும் அதில்தான். எங்கள் அடுப்படியில் அலாரம் அடித்தால் பக்கத்து மருந்துக் கடை, முடி திருத்தும் கடை எல்லாம் தெருவில் நிற்கும். எங்களுக்கு முன் அங்கே கறிச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், சமையல் புகைக்கு அடிக்காமலிருக்க டிடெக்டர் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி வைத்திருந்தாராம். கேட்டதும் சிரிப்பு வந்தது, அப்புறம் பயம் வந்தது.

அலாரம் போட வந்த டெக்னீஷியன் நாலாவது தலைமுறை டர்பன் தமிழர். தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் சாம்பார் வாசனை தெரியும். முதலில் எல்லா இடத்துக்கும் ஸ்மோக் டிடெக்டர் என்று எழுதியிருந்தார். "அண்ணா, நாளைக்குத் தாளிக்கிற நேரத்துக்கு வாங்க" என்றேன். வந்தார். கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம். இருமிக்கொண்டே பட்டியலைத் திருத்தினார். அடுப்படிக்கு வெப்பத்தை உணரும் டிடெக்டர், சாப்பிடும் இடத்துக்கும் ஸ்டோருக்கும் புகையை உணர்வது.

வெப்ப டிடெக்டரிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, சூடு சட்டென்று ஏறினாலே அடிக்கும். இன்னொன்று, குறிப்பிட்ட சூட்டைத் தொட்டால்தான் அடிக்கும். பெரிய இட்லிப் பானையைத் திறந்தால் ஆவி குப்பென்று கூரைக்குப் போகும். முதல் வகை அதற்கே அலறிவிடும். அதனால் இரண்டாவது வகை. சோதிக்கும் நாளில் முடி உலர்த்தும் கருவி மாதிரி ஒன்றை நீளக் கம்பில் மாட்டித் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்து வளாகமே அதிர்ந்தது. புகை டிடெக்டருக்கு டப்பாவிலிருந்து பீய்ச்சும் செயற்கைப் புகை.

அதோடு அவர் விடவில்லை. பேனலுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தார். அது லோடு ஷெடிங், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது, உச்சத்தில் இருந்த வருடம். பேனலுக்குள் இருக்கும் பேட்டரி ஒரு நாள் முழுக்கத் தாங்க வேண்டியது. தினமும் வடிந்து வடிந்து நிரம்பியதில் செத்துப் போயிருந்தது. மின்சாரம் போன கொஞ்ச நேரத்திலேயே பேனல் இருண்டது. மெழுகுவர்த்தியும் ஜெனரேட்டரும் ஓடுகிற நேரத்தில்தான் அலாரம் அதிகம் தேவை! அங்கிள் முணுமுணுத்துக்கொண்டே பேட்டரியை மாற்றினார்.

எக்ஸ்டிங்குவிஷரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வடை போடும் எல்லோருக்கும் இது தேவை. பவுடர் எக்ஸ்டிங்குவிஷர் எண்ணெய்த் தீயை அமுக்கும். ஆனால் எண்ணெயின் சூட்டைத் தணிக்காது, மறுபடி பற்றிக்கொள்ளும். அதற்கென்று வெட் கெமிக்கல் வகை உண்டு. அது கொதிக்கும் எண்ணெயோடு சேர்ந்து சோப்புப் படலம் போல மூடிக் குளிரவும் வைக்கும். தண்ணீர் கூடவே கூடாது. எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும். தீப்போர்வை ஒன்றும் அடுப்புக்குக் கை நீட்டும் தூரத்தில், ஆனால் அடுப்புக்கு மேலே இல்லாமல், மாட்டியிருக்கிறோம்.

ஆய்வுக்கு வந்த தீயணைப்பு அதிகாரி ஒரு ஜூலு அம்மா. ஜூலு மொழியில் "சாவுபோனா" என்று வணக்கம் சொன்னதற்கு நன்றாகச் சிரித்தார். பின்பக்கம் போனதும் சிரிப்பு நின்றது. பின் கதவில் எல்லாக் கடைகளையும் போலக் கம்பி கேட், அதில் பூட்டு. "சாவி யாரிடம்?" என்றார். கல்லாவில் என்றேன். "கல்லா பக்கம் எரிந்தால்?" பதில் இல்லை. உள்ளிருந்து சாவியில்லாமல் கையால் திருப்பித் திறக்கும் பூட்டு போடச் சொன்னார். முன்பக்க ஷட்டர் வியாபார நேரத்தில் முழுக்க மேலே இருக்க வேண்டும். சமையல் புகைக்கூண்டின் ஃபில்டரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கை எப்போது கழுவுவீர்கள் என்று எழுதி ஒட்டச் சொன்னார்.

திருடனுக்குப் பயந்து கேட், தீக்குப் பயந்து திற என்றால் எப்படி என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார். அடுத்த சில நாளில் ஜோஹன்னஸ்பர்க் மார்ஷல்டவுன் தீ விபத்துச் செய்தி வந்தது. ஆகஸ்ட் 31 அதிகாலை, உசிண்டிசோ கட்டடம், 76 பேர் சாவு. உள்ளே பூட்டியிருந்த கேட்களால் பலர் வெளியேற முடியாமல் போனதாகச் செய்தியில் சொன்னார்கள். அன்றே பூட்டுக்காரரை வரவழைத்தார் அவர்.

கிளியரன்ஸ் வந்தது, லைசென்ஸும் வந்தது. வருடத்துக்கு ஒரு முறை எக்ஸ்டிங்குவிஷர் சர்வீஸ். அதற்கும் சாக் ஃபயர் (SAQCC Fire) என்ற, தீயணைப்புக் கருவி வேலைக்கான அமைப்பில் பதிவு உள்ளவர்தான் வர வேண்டும்.

வீட்டுக்கும் பேட்டரி அலாரம் இரண்டு வாங்கினோம், படுக்கையறைகளுக்கு வெளியே நடைவழியில் ஒன்று, ஹாலில் ஒன்று. கூரையின் நடுவில் மாட்ட வேண்டும். சுவரும் கூரையும் சேரும் மூலைக்குப் புகை லேசில் போய்ச் சேராது. எங்கள் வீட்டிலும் எல்லா ஜன்னலிலும் கம்பி. கேட் சாவி இப்போது கேட் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது, வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில். 10177, 112 இரண்டு அவசர உதவி எண்களும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். எங்கள் வீட்டு அலாரத்தைப் பார்த்த அங்கிள் தன் வீட்டுக்கும் இரண்டு வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார். வாங்கித் தருகிறேன், ஆனால் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் சாமி விளக்குக்கு நேர் மேலே மட்டும் மாட்டாதீர்கள் என்றிருக்கிறேன்.